கொசுவலை ஏரியில் ஒரு ராசா

இல்லை, தாமரைச்செல்வி சூனியக்காரி இல்லை. இதைக் கண்ணாயியின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள் என்பதற்காக ஒருத்தி சூனியக்காரி ஆகிவிடுவாளா? அப்படியானால் மழைக்குத் தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு போகிற இந்த வாசலூர்பட்டி மொத்தமும் சூனியக்கார ஊர்தான். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது, உண்மை. படம் எடுக்கிற கண்ணாடியை முக்கியெடுக்கும் மருந்துத் தண்ணீர் பட்ட கறை அது. செம்மேட்டுச் சந்தையிலிருந்து தட்டுத் தட்டாக முட்டை வாங்கி வந்தாள், அதுவும் உண்மை. வெள்ளைக் கருவைப் படம் அச்சாகும் காகிதத்தில் பூசுவதற்கு எடுத்துக்கொண்டு, மஞ்சள் கருவைச் சட்டியோடு தெருவுக்குக் கொடுத்தாள். அதை வாங்கி மிளகுப்பொடி தூவிப் பொரித்துத் தின்ற வாய்தான் இன்றைக்கு, "முட்டை மந்திரிச்சா" என்கிறது.

"அதெல்லாம் கெடக்கட்டும் அக்கா. பொன்னன் பொண்டாட்டி பொறந்த ஊட்டுக்குப் போனது அவளாலதானே?" என்று கேட்டாள் கண்ணாயி.

"அவளாலதான். ஆனா நீ நெனைக்கிற மாதிரி இல்ல."

"நான் என்ன நெனைச்சேன்?"

"அதை என் வாயால சொல்ல மாட்டேன். தண்ணிக் குழாய்கிட்ட நின்னா நீயே ஊருக்குச் சொல்லிருவே."

அப்படியானால் தாமரைச்செல்வி யார்? சொல்கிறேன். பேய் பிடித்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வேப்பிலை உண்டு, பூசாரி உண்டு, ஒரு முடிவும் உண்டு. இது காவியம் பிடித்தவர்கள் இனம். இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையைக் குழல்போல மடக்கிக் கண்ணில் வைத்து, உங்கள் மூக்கைப் பார்த்து, மோவாயைப் பார்த்து, உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும் பார்த்துவிட்டு, "இந்த வலி முகத்துல ரொம்ப நல்லா வருது, கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க" என்பார்கள். வயிறு உங்களுடையது. முகம் அவர்களுடையது.

அவள் ராசிபுரத்துப் பக்கம் காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை, மகன் எங்கோ கப்பல் ஏறிப் போய்விட்டான். என் வீட்டுப் பின்பக்கம் மிளகு கொட்டிவைக்கிற அறையை வாடகைக்குக் கேட்டாள். சன்னல் இல்லை என்றேன். "அதுதான் வேணும்" என்றாள். சன்னல் இல்லாத அறைக்கு ஆசைப்பட்ட முதல் மனுஷி. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இன்றைக்கும் பிடிக்கும், யார் என்ன சொன்னாலும் சரி.

அவள் ஒரு பெரிய பாட்டுக்கதை எழுதியிருந்தாள். எனக்கு எழுத்து தெரியாது, அதனால் அவளே படித்துச் சொன்னாள். நெடுவரையன் என்று ஒரு மலை ராசா. ராணி கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். ராசா சண்டையில் அடிபட்டுச் சாகக் கிடக்கிறான். அவனைப் படகில் கிடத்தி ஏரியில் விடும்போது ராணி ஓடி வருகிறாள். ஐயோ பாவம், நேரம் போய்விட்டது. அவள் வாசிப்பில் ராசா சாவதற்கு ஒரு மத்தியானம் பிடித்தது. நடுவில் நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன், அப்போதும் செத்துக்கொண்டுதான் இருந்தான்.

இந்தப் பாட்டைப் புத்தகமாகப் போட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் படம் ஒட்ட வேண்டும். வரைந்த படம் இல்லை, ஆளை நிறுத்திப் பிடித்த படம். வெள்ளைக்கார ராணி ஆண்ட காலத்தில், சீமையில் பெரிய வீட்டுப் பெண்கள் இப்படித்தான் செய்தார்களாம். அக்கம்பக்கத்து ஆட்களைப் பிடித்து, சமையல்காரிக்கு ராணி வேஷமும் மூட்டை தூக்குகிறவனுக்கு ராசா வேஷமும் கட்டி, மேலே போர்வையையும் திரைச்சீலையையும் சுற்றி, கண்ணாடியில் படம் பிடித்து, பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்களாம். இவளிடமும் அதேபோல மரப்பெட்டி, அதேபோல கண்ணாடி, அதேபோல மருந்து. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோலக் கண் மின்னச் சொன்னாள்.

"சமையல்காரி ராணியா உக்காந்துட்டா, அன்னைக்கு அந்த ஊட்டுல சோறு ஆக்குனது யாரு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் படத்துல வராது ஆயா."

பாருங்கள், எவ்வளவு பெரிய உண்மையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

ராசாவைத் தேடி ஊரெல்லாம் மூக்குப் பார்த்தாள். கடைசியில் படகுத்துறையில் ராசா கிடைத்தான். சுற்றுலா வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, படகைக் காலால் தள்ளிவிடுகிற பொன்னன். தாடி வளர்க்கச் சொன்னாள், வளர்த்தான். தூரத்தைப் பார்க்கச் சொன்னாள், பார்த்தான். கெடுதல் என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் தூரத்தையே பார்த்தான். பொண்டாட்டி இருசாயி, "அடுப்புக்கு வெறகு இல்ல" என்றால், எதிரி மலையில் புகை கண்டவன்போல நெற்றியைச் சுருக்கினான்.

இருசாயி நல்ல பெண். நானும் படத்துக்கு வருகிறேன் என்று அவளாகவே வந்து நின்றாள். புருஷன் ராசா என்றால் தான் யார் என்று அவளுக்குத் தெரியாதா? தாமரைச்செல்வி அவளுக்கும் தலையைச் சாய்த்தாள், கையைக் குழலாக்கினாள். பிறகு, அந்த இனத்துக்கே உரிய நாகரிகத்தோடு சொன்னாள்: "நல்ல முகம்தான்ம்மா. ஆனா ராணி முகம் இல்ல. நீ பின்னாடி நின்னு விசிறி பிடி."

ராணியாக உட்கார்ந்தது செம்மேட்டில் செல்போன் கடையில் வேலை செய்கிற ஆர்த்தி. இருசாயி தன் புருஷனுக்கும் ஆர்த்திக்கும் விசிறி பிடித்தாள். அதையும் அசையாமல் பிடித்தாள், ஏனென்றால் விசிறி அசைந்தால் படம் கெட்டுப்போகுமாம். காற்று வராத விசிறியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று கல்யாணமான பெண்களைக் கேளுங்கள்.

அதற்கும் அவள் போகவில்லை. போனது பலாப்பழத்தால். மரத்தடியில் பழம் வெடித்துக் கிடக்கிறது, ஈ மொய்க்கிறது. அரிந்து கொடு என்று கேட்டிருக்கிறாள். பொன்னன் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். "பால் ஒட்டிக்கும். நாளைக்குப் படம் இருக்குது. ராசா கையில கறை இருக்கக் கூடாதுன்னாங்க."

இருசாயி எல்லாப் பழத்தையும் தானே அரிந்தாள். எண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். வளப்பூர் நாட்டு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போனால் போகிறாள் என்று விட முடியாதபடி பொன்னன் தினமும் பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டோரம் நின்றான். தாடியும் இளைப்புமாக நிற்கிற அவனைப் பார்த்து ஊர் பரிதாபப்பட்டது. தாமரைச்செல்வி மட்டும், "இப்பத்தான் முகம் பதமா வருது" என்றாள்.

"போயி அவளைக் கூட்டிட்டு வாடா" என்றேன் நான்.

"கடைசிப் படம் ஒண்ணுதாங்க ஆயா பாக்கி. சாகுறது மட்டுந்தான். செத்துட்டுப் போயிக் கூட்டிக்கிட்டு வாரேன்."

கடைசிப் படம்தான் தாமரைச்செல்வியைப் பாடாய்ப் படுத்தியது. படகில் ராசா, சுற்றிலும் தலைவிரிகோலமாகப் பெண்கள், ஓடி வந்து விழுகிற ராணியின் முகம். அந்த முகம் கிடைக்கவில்லை. ஆர்த்திக்கு அழச் சொன்னால் சிரிப்பு வந்தது. என்னை அழச் சொன்னாள். நான் மாடு கறக்கிற நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன், அது முகத்தில் தெரிகிறது என்று திட்டினாள்.

ஏரிக்கு வருகிறேன். கூப்பிடு தூரத்தில் ஏரி இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து பார்க்கிற ஏரி. அது அவளுக்கு ஆகவில்லை.

"தண்ணி அசையுது ஆயா."

"ஏரின்னா அசையும் கண்ணு."

"மூடியைக் கழட்டுனா மறுபடி மூடுற வரைக்கும் அசையாம இருக்கணும். அந்தக் காலத்துல அவங்களும் துணியைத்தான் தண்ணியா விரிச்சாங்க."

தெருவில் இருந்த கொசுவலை எல்லாம் என் வாசலுக்கு வந்து ஏரியானது. நடுவில் ஒரு படகு. படகுத்துறைக்காரர்கள் உடைந்துபோனது என்று கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த, வாத்துத் தலை வைத்த மிதிபடகு. ராசாவின் ஓடத்துக்கு வாத்துத் தலை ஆகாது என்று அதற்கு என் கறுப்புச் சேலையைச் சுற்றினாள். அலகு மட்டும் அடங்கவில்லை.

ஒரு சந்தை நாள் காலையில் பொன்னனை அதில் கிடத்தினாள். வெள்ளை வேட்டி, மார்புவரை வெள்ளைத் துணி, கழுத்தில் மாலை. தலை அசையாமலிருக்கப் பிடரிக்குக் கீழே இரும்புக் கவட்டை. ஆர்த்தியும் நானும் வெள்ளைச் சேலை கட்டி, தலையை விரித்துப்போட்டு ஆளுக்கொரு பக்கம். செல்போன் மணி அடித்தால் ஆள் திடுக்கிடும் என்று எல்லாருடைய போனையும் அணைத்து என் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். முதல் கண்ணாடிக்குப் பொன்னன் தும்மினான். கண்ணாடி மிளகு அறையிலிருந்து வருகிறது, செத்த ராசாவுக்கும் தும்மல் வரத்தான் செய்யும். அடுத்ததற்கு ஏரியைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. அதற்கடுத்து மாடு வந்து ஏரியில் இறங்கியது.

இதற்குள் செம்மேட்டுச் சந்தைக்குப் போகிற பஸ் எங்கள் வாசலைத் தாண்டியது. சன்னலோரம் யார்? கண்ணாயி. வேலிக்கு மேலாக அவளுக்கு என்ன தெரிந்தது? வெள்ளை போர்த்திக் கிடக்கிற பொன்னன், கழுத்தில் மாலை, தலைவிரித்து உட்கார்ந்திருக்கிற நான். படகு வேலிக்குக் கீழே மறைந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, கண்ணாயி வேலையில் சுத்தம். இருந்த இடத்திலிருந்தே இருசாயியின் அண்ணன் மாணிக்கத்துக்கு போன் போட்டாள். அவன் பொன்னன் போனுக்கு அடித்தான், அது அரிசிக்குள் கிடந்தது. உறுதி செய்ய வேறென்ன வேண்டும்? மச்சான் சாவுக்குத் தங்கையின் பிறந்த வீடு வெறுங்கையோடு வரலாமா? வழியில் ஜீப்பை நிறுத்திக் கோடித்துணி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மாட்டை விரட்டி, ஏரியை அலசி மறுபடி விரிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. நாலாவது கண்ணாடி. மூடியைக் கழற்றினாள். அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

இருசாயி குதித்து இறங்கினாள். அவள் தலைமுடி தானாகவே அவிழ்ந்திருந்தது. கொசுவலையில் கால் சிக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, ஏரியை நீந்தியே வந்துவிட்டாள் என்று வையுங்கள். பொன்னன் மார்பில் விழுந்தாள். அவன் நெஞ்சில் அடித்தாள். "நான் வந்துட்டேன், எந்திரி, பழத்த நானே அரிஞ்சுக்கறேன், எந்திரி" என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, அழுவாத" என்று சொன்னேன். சாவு வீட்டில் எல்லாரும் என்ன சொல்வார்கள்? அதைத்தான். தலைவிரித்து வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து சொன்னதும் அவள் இன்னும் ஓங்கி அழுதாள். ஆர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்புத்தான், ஆனால் குனிந்த தலையைப் பார்த்து மாணிக்கமும் துண்டால் வாயைப் பொத்தினான்.

தாமரைச்செல்வி கையில் மூடி இருந்தது. அதை மாட்டியிருக்கலாம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அப்படியே. அப்படியே இருங்க."

பொன்னன் அப்படியே இருந்தான்.

எண்ணி முடித்தாள், மூடினாள், கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மிளகு அறைக்குள் ஓடினாள். பொன்னன் எழுந்து உட்கார்ந்தான். அண்ணன் மாணிக்கம் பின்வாங்கி வேலியில் சாய்ந்தான். அவனைப் பார்த்துப் பொன்னன், மாலையும் கழுத்துமாக, வளர்த்த வளர்ப்பு தவறாமல், "வாங்க மச்சான்" என்றான்.

இருசாயி எழுந்திருக்கவில்லை. வலைமேல் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நான் அழுதது உன் காதுல உழலயா?"

"உழுந்துச்சு."

"நெஞ்சுல அடிச்சனே, அது?"

"வலிச்சுது."

"அப்புறம்?"

"அசையக் கூடாதுன்னாங்க."

அவள் திரும்ப ஜீப்பில் ஏறிவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பொன்னனும் நினைத்தான். அவன் கண் முதல்முறையாகத் தூரத்தைப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்தது.

அப்போது தாமரைச்செல்வி சொட்டச் சொட்டக் கண்ணாடியோடு வந்தாள். அடியில் கறுப்புத் துணி பிடித்துக் காட்டினாள். கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. பொய் சொல்வானேன், அழகாக இருந்தது. கொசுவலை நிஜமாகவே ஏரியாகியிருந்தது. பொன்னன் தாடியில் மயிர் மயிராகத் தெரிந்தது, நிஜமாகச் செத்தவன்கூட இவ்வளவு தெளிவாகச் செத்திருக்க மாட்டான். வாத்து அலகு அச்சாக விழுந்திருந்தது. ஆர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது பெரிய துக்கமாக வந்திருந்தது. நடுவில் மட்டும், பொன்னன் மார்பின்மேல், ஈர விறகு புகைந்ததுபோல ஒரு வெள்ளைப் புகை.

"நான் எங்கீங்க?" என்று கேட்டாள் இருசாயி.

"அதுதான் நீ. அழறப்ப அசைஞ்சுட்டேம்மா."

உண்மையாக அழுத ஒருத்தி மட்டும் படத்தில் விழவில்லை. இதை நானாகக் கட்டிச் சொல்லவில்லை, கண்ணாடியே சொன்னது.

அதோடு விட்டிருந்தால் எங்கள் ஊர் மன்னித்திருக்கும். ஆனால் காவியம் பிடித்தவளை அது எங்கே விடும்? தாமரைச்செல்வி தலையைச் சாய்த்தாள். கையைக் குழலாக்கி, இருசாயியின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். ராணி முகம் இல்லை என்று சொன்னாளே, அதே முகம்.

"இதுதான். நான் தேடுனது இந்த முகம்தான். இன்னொரு தடவை, இருசாயி. இந்தத் தடவை அசையாம அழு."

மாணிக்கம் கையில் கோடியை வைத்துக்கொண்டு விழித்தான். "இதை என்னங்க பண்றது? சாவுக்குன்னு எடுத்த துணி. ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவக் கூடாதே" என்றான். அது சரிதான். கோடி என்று எடுத்துவிட்டால் அது யார்மேலாவது விழுந்தாக வேண்டும்.

"குடு இங்க" என்றாள் இருசாயி.

வாங்கி, உதறி விரித்து, மூன்று காலில் நின்ற அந்த மரப்பெட்டியின்மேல் தலைமுதல் கால்வரை போர்த்தினாள். முறையாக ஒரு முனையைச் செருகினாள். பிறகு தாமரைச்செல்வியைப் பார்த்து, மரியாதை குறையாமல் சொன்னாள்.

"காரியம் என்னைக்குன்னு சொல்லி அனுப்புங்க. வாரேன்."

பொன்னனிடம் திரும்பினாள். "நீ வாரியா, இல்ல இன்னுங் கொஞ்ச நேரம் செத்துக் கெடக்கப் போறியா?"

அவன் மாலையைக் கழற்றி வாத்துத் தலையில் போட்டுவிட்டு, கொசுவலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிஜத் தண்ணீரில் நடப்பதுபோல அவள் பின்னால் நடந்தான். அன்று சாயங்காலம் அவர்கள் வாசலில் பலாப்பழம் அரிகிற சத்தம் கேட்டது. அரிந்தவன் முழங்கைவரை பால் ஒட்டியிருந்தது. தாடி இல்லை.

கோடி விழுந்த பொருளை எங்கள் ஊரில் யார் தொடுவார்கள்? தாமரைச்செல்வி கிளம்பிய நாளில் பெட்டியைத் தூக்க ஓர் ஆளும் வரவில்லை. அவளே தூக்கினாள். இத்தனைக்கும் பிறகு அவள்மேல் எனக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. அவள் போன பிறகு மிளகு அறையில் மிளகு மட்டும்தானே இருக்கும்? கண் கலங்கத்தான் செய்தது. நிலைப்படியில் காலை வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தலை சாய்ந்தது. கை குழலானது.

"ஆயா, அப்படியே நில்லுங்க."

"பொட்டியத்தான் கட்டிட்டியே கண்ணு."

"பரவால்ல. நில்லுங்க."

நின்றேன். பார்த்தாள், வாய்க்குள் எண்ணினாள், வாசலைத் தாண்டிப் போனாள்.

அவளோடு அந்த இனமும் மலையிறங்கிப் போய்விட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? நல்லது. போன மாதம் உங்கள் வீட்டில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள், ஒருவர் மட்டும் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். பதிவாகவில்லை என்றதும் அந்த ஒருவர் குழந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார், யார் சொன்னார் என்று நான் சொல்லப் போவதில்லை. போனை வைத்துவிட்டு நீங்களே யோசித்துப் பாருங்கள்.

செம்மேட்டுக் கடையில் செல்போன் அளவுக்கும் கோடித்துணி எப்போது கேட்டாலும் கிடைக்கும்.